தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் என் கையில் கொடுத்தது குடும்பப் பதிவேடு. திருச்சுழி வட்டாரத்தில் கண்மாயும் கருவேலங்காடுமாகக் கிடக்கிற ஏழெட்டு ஊர்கள். வீடு வீடாகப் போய், பெண் பெயர், புருஷன் பெயர், வீட்டுப் பெரியவர்கள் பெயர், எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை தங்கியது என்று எழுத வேண்டும். வயசாளிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தால் ஒரு வரிசை திரும்பத் திரும்ப வரும். பிச்சை, குப்பை, குப்பம்மாள், மூக்கன், மூக்கம்மாள், மண்ணாங்கட்டி, தவிட்டம்மாள், அடைக்கலம். ஏன் இந்தப் பெயர் என்று எந்தச் சாதி வீட்டில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "அவருக்கு மூத்தது ரெண்டும் தங்கல நர்சம்மா."

இரண்டு மூன்று பிறந்து தங்காத வீட்டில் அடுத்தது பிறந்தால், அல்லது பிறந்தது சீக்கும் சிணுங்கலுமாகவே கிடந்தால், பிள்ளையைச் சுளகில் போட்டு வாசலில் கிடத்துவார்கள். பிள்ளைகள் தங்கிய வீட்டுக்காரி ஒருத்தி படித் தவிடு கொண்டுவந்து கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பெற்றவளிடமே கொடுப்பாள். "ஏத்தா, இது எம்புள்ள. பாலக் குடுத்து வளத்துத் தா." சில ஊர்களில் தவிட்டுக்குப் பதில் குப்பைமேட்டில் உருட்டி எடுப்பார்கள். ஆண்பிள்ளை என்றாலும் மூக்குக் குத்திவிடுவார்கள். பிள்ளைமேல் கண் வைத்திருக்கிற எமனோ அம்மனோ, இது ஒன்றுக்கும் ஆகாதது, இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று நினைத்து விட்டுப்போக வேண்டும். அதற்குத்தான் இத்தனையும்.

சென்னை அருங்காட்சியகத்துக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறு வருஷத்துக்கு முன்னால் தென்னிந்தியப் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய புத்தகங்களில் இந்தப் பெயர்களும் மூக்குக் குத்துவதும் வருகின்றன. அவர் அதை மூடநம்பிக்கைக் கணக்கில் வைத்தார். எங்கள் பயிற்சி வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எமனை ஏமாற்றுகிற பாதியோடு சடங்கு முடியவில்லை. மறுபாதியை நான் படித்த எழுத்து எதிலும் பார்க்கவில்லை. தவிடு கொடுத்தவளுக்கு அன்றிலிருந்து அந்தப் பிள்ளைமேல் பாத்தியதை உண்டு, கடமையும் உண்டு. தீபாவளிக்கு அவள் துணி எடுத்துத் தர வேண்டும். காய்ச்சல் என்றால் வந்து உட்கார வேண்டும். பெற்றவள் வயலுக்கோ தறிக்கோ போனால் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி சீக்காகிற பிள்ளைக்கு ஒரு தாய் போதாது என்பது இந்தக் கரிசல்காட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது தாயை ஒரு படித் தவிட்டுக்கு ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள்.

தங்காமல் போன பிள்ளைகள் கொஞ்சநஞ்சமில்லை. வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழி என்றால் ரமண மகரிஷி பிறந்த ஊர். அவர் பிறந்தது 1879இல். அதற்குச் சற்று முன்புதான், 1876 முதல் 78 வரை, தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே தின்று தீர்த்திருந்தது. பஞ்சம் இல்லாத வருஷத்தில் காலரா, அது இல்லாத வருஷத்தில் அம்மை. பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனதே 1975இல்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால், 1971இல், தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 113 ஒரு வயதைத் தாண்டவில்லை என்று மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. 2020இல் அது 13. நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓடியது. பதிவேட்டின் பிறப்புப் பக்கங்களில் கடைசியாக ஒரு பிச்சையை எழுதியது எப்போது என்று எனக்கே ஞாபகம் இல்லை. அப்புறம் எல்லாம் தர்ஷினிகளும் ஹரிஷ்களும்தான்.

வீட்டு வைத்தியத்தில் எனக்குப் பாதி சம்மதம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு இவற்றைச் சந்தனக்கல் போன்ற சின்னக் கல்லில் ஆளுக்கு ஓர் இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுகிற உரைமருந்து எல்லார் வீட்டிலும் இருந்தது. வசம்பின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பிள்ளை வளர்ப்பான் என்பார்கள். மாந்தம், கணை, தோஷம் என்று சித்த மருத்துவப் பாலவாகடம் வகுத்து வைத்திருக்கிற நோய்களையெல்லாம் இங்கே எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாக்கள் பிள்ளையின் மலத்தைப் பார்த்தே பிரித்துச் சொல்வார்கள். பேதியில் உச்சிக்குழி விழுந்தால் ஆபத்து என்பதை நீரிழப்பு என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு உச்சியில் எண்ணெய் வைத்தார்களே தவிரத் தண்ணீர் கொடுக்கவில்லை. தொண்டையில் சிக்கியதை எடுக்கிறேன் என்று குழலை வைத்து ஊதுகிற, வாய்க்குள் விரலை விடுகிற தொக்கம் எடுப்பவர்களையும், இழுப்புக்கு வயிற்றில் சூடு போடுபவர்களையும் நான் மன்னித்ததே இல்லை. அந்தத் தழும்புகளோடு எத்தனையோ வயிறுகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

வீட்டு வைத்தியத்துக்கு அடங்கவில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். சாத்தூர்ப் பக்கம் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன். அம்மைக்கும் கண்ணுக்கும் அவள்தான். தட்டம்மை வந்து போன பிள்ளைக்கு ஊட்டம் இல்லாமல் கருவிழி வெளுத்து உருகுவது ஒரு காலத்தில் இங்கே சாதாரணம். வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தி, ஆயிரங்கண் பானை எடுத்து வேண்டிக்கொள்வார்கள். அதே கரிசல்காட்டில், எட்டயபுரத்துக்குப் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரைக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வைட்டமின் ஏ குறைவில் பார்வை போகிற பிள்ளைகள் அவருக்குப் பெரிய கவலை. இருக்கன்குடிக்கும் மதுரைக்கும் போனவர்கள் வேறு வேறு ஆட்கள் இல்லை. முதலில் அம்மனிடம் முடிந்து வைத்துவிட்டு, அந்த மஞ்சள்துணி முடிச்சோடுதான் மதுரை பஸ் ஏறினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் வைட்டமின் ஏ சொட்டு ஊற்ற நான் போனபோது, அதையும் அம்மன் தீர்த்தம் மாதிரி கையை நீட்டித்தான் வாங்கினார்கள்.

பிள்ளை பிழைத்தால் கரும்புத்தொட்டில். இதைப் பங்குனிப் பொங்கல் சமயத்தில் அருப்புக்கோட்டையில் பார்க்க வேண்டும். நீளக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சளில் நனைத்த சேலையை அதில் தூளியாகத் தொங்கவிட்டு, முன்பக்கம் அப்பன், பின்பக்கம் ஆத்தா தோளில் தாங்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். உள்ளே பிள்ளை கிடக்கும், பாதி நேரம் கத்தும். முண்டு வத்தலும் கம்பும் மல்லியும் விளைகிற இந்த மானாவாரி மண்ணில் கரும்பு ஏது. காசு கொடுத்து வெளியிலிருந்து வந்ததைத்தான் வாங்க வேண்டும்.

என் மூத்த மகனுக்கும் கரும்புத்தொட்டில் எடுத்தோம். அவன் 1983இல் பிறந்தான். மாவட்டம் அப்போது இன்னும் ராமநாதபுரம்தான். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்காரர் கைத்தறி நெய்துகொண்டிருந்தார், நான் வேலைக்குப் போகவில்லை. மேலுதடு மூக்கு வரை பிளந்து, உள்ளே அண்ணமும் பிளந்து பிறந்தான். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியிருப்பேன் என்று தெருவே சொன்னது. என் மாமியார் மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத் தவிடு கொண்டுவரச் சொன்னார். பிச்சை என்று பெயர் வைத்தார்.

அண்ணம் பிளந்த பிள்ளைக்கு வாய்க்குள் காற்று அடைபடாது. அதனால் உறிஞ்ச முடியாது. மார்பில் போட்டால் வாயைத் திறந்து திறந்து மூடும், களைத்துத் தூங்கிவிடும், பசியில் எழுந்து அழும். பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து, பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். பிள்ளையைப் படுக்கப் போடக் கூடாது. இடது கையில் தலையும் முதுகும் நிமிர்ந்து இருக்க வேண்டும். பாலாடை மூக்கைக் கடைவாய் ஓரத்தில் வைத்து, கன்னத்துப் பக்கமாகச் சரித்து, நாலு சொட்டு விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொண்டைக்குழி ஏறி இறங்கினால் அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் மூக்கு வழியாகப் பால் திரும்பி வரும், மூச்சு வாங்கும், உதடு நீலமாகும். தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைத்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு வேளைப் பால் முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். பின்னாளில், 1990களில், இந்திய மருத்துவர்களே பாலாடையையும் புட்டியையும் கோப்பையையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, குறைமாதப் பிள்ளைகளுக்குப் பாலாடை நல்லது என்று எழுதினார்கள். என் மாமியாரின் பித்தளைப் பாலாடை அதற்கு எத்தனையோ தலைமுறை மூத்தது.

எடை ஏறினால்தான் உதட்டைத் தைப்பார்கள். பத்து வாரம், பத்து பவுண்டு எடை, ரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின். அமெரிக்க மருத்துவர்கள் சொன்ன இந்த மூன்று பத்துகள் மதுரை வரை வந்து சேர்ந்திருந்தன. பத்து பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. என் பிள்ளை நாலு கிலோவைத் தொடுவான், பால் புரையேறி நெஞ்சுச் சளி பிடிக்கும், ஆஸ்பத்திரியில் சேர்ப்போம், இறங்கி மூன்றரைக்கு வருவான். அண்ணத்துத் தசை சரியாக இழுக்காததால் காதுக்குள் நீர் கோத்துச் சீழ் வடியும். தேதி கொடுப்பார்கள். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவோம். மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "சளி இருக்கும்மா, மயக்கம் குடுக்க முடியாது, அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். அந்த டாக்டர்மேல் எனக்கு வந்த கோபம் நான் பயிற்சிக்குப் போய் மயக்க மருந்தைப் பற்றிப் படிக்கிற வரை தீரவில்லை.

தேதி தள்ளிப்போனால் தறியும் நிற்கும். கைத்தறியில் பாவு ஏற்றிவிட்டால் நெய்தால்தான் கூலி. மதுரைக்குப் போன நாளுக்குக் கூலி கிடையாது. ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்க முடியாது. நான் ஒருத்தி மட்டும் கட்டிலோரம் உட்கார்ந்தால் மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு கீழே யார் போவது, வெந்நீர் யார் வாங்குவது, எனக்குச் சோறு யார் கொண்டுவருவது. அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு அக்கா தன் இரண்டு பிள்ளைகளை என் மாமியாரிடம் விட்டுவிட்டுத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். "எம்புள்ளதான, நான் இருக்காம வேற யாரு இருப்பா?" வார்டில் கமுதி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துப் பெண்கள் நிறைய. தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கிடப்போம். ஒருத்தி குளிக்கப் போனால் இன்னொருத்தி இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பாள். பெரியாஸ்பத்திரிக்குப் போனவர்கள் சாயங்காலம் கோரிப்பாளையம் தர்காவுக்கும் ஒரு நடை போய் ஓதின தண்ணீர் வாங்கி வருவார்கள். நெற்றியில் இருக்கன்குடித் திருநீறு, கையில் தர்காக் கயிறு, காலில் குளுக்கோஸ் ஊசி. எந்தப் பிள்ளை எந்தச் சாமியால் பிழைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உதடு தைத்த பிறகு பிள்ளை கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. முழங்கை மடங்காமல் அட்டை கட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் நூல்கோன் அட்டைகளைப் பிரித்து அளவாக வெட்டி, பழைய வேட்டித்துணி சுற்றிக் கொண்டுவந்தார். நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் ஒரு ஜோடி கேட்டார். அண்ணம் தைத்தது ஒன்றரை வயதில். தைத்த இடத்தில் விட்டுப்போன சின்ன ஓட்டையை மூட அதற்கும் பிறகு இன்னொரு தரம்.

மதுரை ஆஸ்பத்திரிகள் புதிதாக முளைத்தவை அல்ல. அமெரிக்க மதுரை மிஷன் 19ஆம் நூற்றாண்டிலேயே திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலையில் ஒரு நிலையம் வைத்திருந்தது. அவர்கள் வழி வந்த கீழவெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பாட்டி காலத்திலேயே இங்கிருந்து ஆட்கள் போயிருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரி 1940இல் கவர்னர் எர்ஸ்கின் பெயரில் திறந்தது, இப்போது ராஜாஜி ஆஸ்பத்திரி. மருத்துவக் கல்லூரி 1954இல். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர்தான். அப்புறம் ஏன் பிள்ளைகள் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தன என்று கேட்டால், "இந்தச் சனங்களுக்கு அறிவு இல்லை" என்பார்கள். கூட்டங்களில் என் காதுபடவே அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதி வைத்திருந்த நோட்டு வேறு சொன்னது. மழை விழுந்து புரட்டாசி ஐப்பசியில் விதைத்ததிலிருந்து, மாசியில் பருத்தியும் வத்தலும் எடுக்கிற வரை ஆபரேஷனுக்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பங்குனி பிறந்தால் தானாக வந்து கேட்பார்கள், "நர்சம்மா, மதுரைக்கு எப்பப் போகலாம்?" அறிவு வருஷத்துக்கு ஆறு மாதம் போய்விட்டுத் திரும்பி வருமா என்ன?

எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானபோது அவருடைய தொகுதி எங்கள் அருப்புக்கோட்டைதான். 1982 ஜூலை 1இல் அவர் தொடங்கிய சத்துணவு பெரிய காரியம். ஆனால் அது இரண்டு வயதுக்கு மேல்தான். பால்குடிப் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்தது இன்னொரு திட்டம். அவ்வளவாகப் பேசப்படாதது. உலக வங்கிக் கடனில் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கித் தென்மாவட்டங்களுக்குப் பரவிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை. தராசில் பிள்ளையைப் போட்டால் கண்பட்டுவிடும் என்று முதலில் ஒளித்து வைத்தார்கள். ஆறு மாதத்தில், அட்டையில் தங்கள் பிள்ளையின் கோடு மேலே போகிறதா என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் வந்தவை எல்லாருக்கும் தெரியும். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். 2013 முதல் பிறவிக் குறைகளைத் தேடி அங்கன்வாடிக்கே வருகிற சிறார் நலக் குழு. அதன் பட்டியலில் 30 நோய்கள், உதட்டுப் பிளவும் இதய ஓட்டையும் வளைபாதமும் அதில் உண்டு. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே மருத்துவக் கல்லூரி. ஆபரேஷனுக்குக் காசில்லாமல் ஒரு பிள்ளை நின்றுபோவதை என் கடைசிப் பத்து வருஷத்தில் நான் பார்க்கவில்லை. இதைப் பெருமையாகவே சொல்வேன்.

நின்றுபோவது ஆபரேஷனுக்கு அப்புறம்தான். அண்ணம் தைத்த பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும். காற்று மூக்கு வழியாகப் போகாமல் ப, க, ட சொல்லப் பழக்க வாரம் ஒருதரம் கூட்டிப் போக வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். காப்பீடு கத்திக்குக் கொடுக்கிறது, பிள்ளையோடு உட்காருகிறவளின் கூலிக்குக் கொடுப்பதில்லை. இப்போது தெருவில் தவிடு கொடுக்க யாரும் வருவதில்லை. நெல்லைக் குத்துவதில்லை, தவிடும் இல்லை. எதிர்வீட்டுக்காரி நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போய்விடுகிறாள், மாமியார் திருப்பூரில் இன்னொரு மகன் வீட்டில்.

பணி ஓய்வுக்குப் பிறகும் எனக்குப் போன் வருகிறது. போன மாதம் நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண். சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிற குடும்பம். பிள்ளைக்கு உதடு தைத்தாகிவிட்டது, அண்ணத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூட்டம் வெந்துகொண்டிருக்கிறது. புகை வழி பார்த்து மண் போட ராத்திரியும் ஆள் வேண்டும், விட்டால் அத்தனை விறகும் சாம்பல். பிரித்துக் கரி அள்ள இன்னும் பத்து நாள் ஆகும். "தேதியத் தள்ளி வைக்கச் சொல்லலாமா நர்சம்மா, கோவிச்சுக்குவாங்களா?" பிள்ளைக்குச் சளி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் தள்ளாதே, ஆஸ்பத்திரிக்கு உன்னோடு யார் வருகிறார்கள் என்று முதலில் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் நாத்தனாரின் போன் நம்பரைக் கொடுத்தாள். அந்த நாத்தனாரிடம் பேசி முடிக்க எனக்கு அன்று முழுச் சாயங்காலமும் ஆனது.